டம்ளருக்குள் தண்ணீர் ஏன் ஏறுகிறது?

எவர்சில்வர் தட்டில் மஞ்சள்தூள் கலந்த தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி. மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணையும், தண்ணீர் சரசரவென்று உள்ளே ஏறும். அறிவொளி இயக்கக் காலத்தில் புதுச்சேரியில் தொண்டராகச் சேர்ந்த நாளிலிருந்து ஊர் ஊராக இதைச் செய்து காட்டிவந்தேன். “சுடர் ஆக்சிஜனைத் தின்றுவிட்டது. காலி இடத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது” என்பேன். கைதட்டல் விழும்.

அந்த விளக்கம் தப்பு. கடலூரில் தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புப் பெண் கேட்டாள்: “சார், ஆக்சிஜன் குறையக் குறையத்தானே தண்ணி ஏறணும்? ஏன் அணைஞ்சப்புறம் ஏறுது?” அன்று சமாளித்துவிட்டு வந்தேன். வீட்டில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான், இத்தனை வருடம் கண்முன் இருந்ததைப் பார்த்தேன். டம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பில் குமிழிகள் வெளியேறுகின்றன!

சுடருக்கு மேல் டம்ளரைக் கொண்டுபோகும்போதே உள்ளிருக்கும் காற்று சூடாகி விரிகிறது; ஒரு பகுதி வெளியே போய்விடுகிறது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்க, உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜனுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு, ஆனால் சொற்பம். காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் 16 சதவீத அளவுக்கு இறங்கும்போதே மெழுகுவத்தி அணைந்துவிடும். அதோடு, மெழுகு எரிகையில் 38 பங்கு ஆக்சிஜன் போனால் 25 பங்கு கார்பன் டை ஆக்சைடு வந்து உட்கார்ந்துகொள்கிறது. கூடவே உண்டாகும் நீராவி குளிர்ந்து நீராகிவிடும். கணக்குப் போட்டால் மொத்தக் குறைவு 2 சதவீதம்கூடத் தேறாது.

நம்பிக்கை வரவில்லையா? ஒரு மெழுகுவத்திக்குப் பதில் மூன்றை ஏற்றிப் பாருங்கள். டம்ளரில் இருக்கும் ஆக்சிஜன் அதேதான். தண்ணீர் மட்டும் நன்றாகவே உயர ஏறும், கூடுதல் சூட்டில் கூடுதல் காற்று வெளியேறிவிடுவதால்.

சரி, விளக்கத்தைத் திருத்திக்கொண்டால் போதுமா? இயற்பியல் வகுப்பில் செய்துகாட்டும் சோதனைகள் எவ்வளவு கற்றுத்தருகின்றன என்று ஹார்வர்டு பேராசிரியர் எரிக் மசூரின் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வு என்னை இன்னும் உறுத்தியது. சோதனையைப் பார்க்காத மாணவர்களில் 22 சதவீதம் பேர் சரியான காரணம் சொன்னார்கள், பார்த்தவர்களில் 24. அவ்வளவுதான் வித்தியாசம்! என்ன நடக்கும் என்று முன்கூட்டியே ஊகித்துவிட்டுப் பார்த்தவர்களில் 30. அவர்கள் கல்லூரி மாணவர்கள். நம் ஏழாம் வகுப்புக்கு அதே எண் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் கைதட்டல்களின் கனம் எவ்வளவு என்று தெரிந்துபோனது. வாயைத் திறந்து முதலிலேயே ஒரு பதில் சொல்லிவிட்ட பிள்ளை, தண்ணீர் எப்போது ஏறுகிறது என்று உற்றுப் பார்க்கிறது. மற்றபடி அது வெறும் வேடிக்கை.

இப்போதெல்லாம் கை தூக்கும்வரை தீப்பெட்டியைத் தொடுவதில்லை. மூன்று மெழுகுவத்தி வைத்தால் தண்ணீர் கூடுமா, குறையுமா, அதேதானா? போன மாதம் முதுநகரில் “அதேதான்” கட்சி தோற்றது. அதில் இருந்த ஒரு பையன் விடவில்லை. “சார், டம்ளர் சூடா இருக்கு. ஆறினப்புறம் இன்னொரு தடவை வைங்க” என்றான்.