‘அது எங்க ரோடு இல்லைங்க’: ஊர்ச் சாலைக்கு மனு எழுதும் முன்

மஞ்சள் பையில் 11 மனு நகல்களை வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுகிறவர். அவர் தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்கு முக்கால் கிலோமீட்டர் இருக்கும். மழை பெய்தால் கேனைத் தலையில் வைத்துத்தான் நடக்க வேண்டும். அந்த வழிக்குச் சாலை கேட்டு 2 வருடமாக நெடுஞ்சாலை அலுவலகம், ஒன்றிய அலுவலகம், ஊராட்சி அலுவலகம் என்று மாறி மாறிப் போயிருக்கிறார். மூன்று இடத்திலும் ஒரே பதில்: அது எங்க ரோடு இல்லைங்க. அந்த 11 நகல்களில் ஒன்றில்கூட அலுவலக முத்திரை இல்லை. கொடுத்ததற்கு அத்தாட்சியும் இல்லை, மறுத்ததற்கு அத்தாட்சியும் இல்லை.

இப்படி இழுத்தடிக்கப்பட்டவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994. அதன் 110ஆவது பிரிவுப்படி கிராமச் சாலைகளைப் போடுவது, பழுதுபார்ப்பது, பராமரிப்பது எல்லாம் கிராம ஊராட்சியின் கடமை. அந்தச் சாலையில் உள்ள பாலம், சிறுபாலம் எல்லாம் சேர்த்தி. தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கிய சாலை, ஊராட்சி ஒன்றியச் சாலை ஆகியவை இதில் வராது. ஆனால் அதே பிரிவில், ‘தன் நிதி வரம்புக்கு உட்பட்டு’ என்ற பொருளில் ஒரு வாசகம் இருக்கிறது. உங்களுக்கு வரும் பதில்களில் பாதி அங்கிருந்துதான் பிறக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதல் வேலை, சாலை யாருடையது என்று தெரிந்துகொள்வது. மனு எழுதுவது அப்புறம்.

ஓரத்தில் கிலோமீட்டர் கல் இருந்தால் அதன் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, நீலமோ கறுப்போ என்றால் மாவட்டச் சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. கல்லே இல்லையென்றால் பெரும்பாலும் ஒன்றியச் சாலையோ ஊராட்சிச் சாலையோதான். ‘மாவட்ட இதர சாலை’ என்று ஒரு வகை உண்டு. பார்க்க ஊர்ச் சாலை மாதிரியே ஒடுங்கி இருக்கும், ஆனால் அதுவும் நெடுஞ்சாலைத் துறையுடையது. இதை ஊராட்சியிடம் கேட்டு மாதக்கணக்கில் ஏமாந்தவர்கள் ஏராளம். நெடுஞ்சாலைத் துறையின் சாலையில் பள்ளம் என்றால் அவர்களின் ‘நம்ம சாலை’ செயலியில் படத்தோடு போடலாம். ஊராட்சித் தெருவை அதில் போட்டுவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை.

ஊருக்குள் நெடுஞ்சாலை போகிற இடம் இன்னொரு குழப்பம். தார் நெடுஞ்சாலைத் துறையுடையது, குடியிருப்புப் பகுதியில் தெருவிளக்கு ஊராட்சியுடையது. ஓரத்துச் சாக்கடையைப் பற்றிக் கேட்டால் இருவரும் எதிர்ப்பக்கம் கை காட்டுவார்கள். சாக்கடைக்குத் தனி மனுவாகக் கொடுங்கள். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் இரண்டுமே நகராது.

ஒன்றிய அலுவலகத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரே கட்டடத்தில் 2 வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இருப்பார்கள். ஒருவர் வட்டார ஊராட்சிக்கு, அதாவது ஒன்றியத்துக்கு; ஒருவர் கிராம ஊராட்சிகளுக்கு. ஒன்றியச் சாலைக்கு முதலாமவர், ஊராட்சித் தெருவுக்கு இரண்டாமவர். ‘வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்களுக்கு’ என்று மொட்டையாக எழுதினால் மனு எந்த மேசையில் தூங்கும் என்று சொல்ல முடியாது. அடைப்புக்குறிக்குள் எவர் என்று எழுதுங்கள்.

வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். எழுத்தில் வாங்க ஒரே நல்ல வழி தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய ஒரு வெள்ளைத்தாள் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் சான்றைக் காட்டினால் அந்தக் கட்டணமும் இல்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. கேட்டாலும் சொல்லாதீர்கள்.

இங்கே பலர் சறுக்குகிறார்கள். ‘எங்கள் சாலையை ஏன் போடவில்லை?’ என்று எழுதுகிறார்கள். ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல இந்தச் சட்டத்தில் கட்டாயமில்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். இப்படி:

“இன்ன ஊராட்சியில் இந்த இடம் முதல் இந்த இடம் வரை உள்ள சாலை பதியப்பட்டுள்ள சாலைப் பதிவேட்டுப் பக்கத்தின் சான்றிட்ட நகல். இந்தச் சாலையில் கடைசியாக நடந்த பணியின் மதிப்பீடு, அளவுப் புத்தகம், ஒப்பந்தத்தில் பராமரிப்புக் காலம் குறிப்பிட்ட பக்கம் ஆகியவற்றின் நகல்கள்.”

அவ்வளவுதான். (அளவுப் புத்தகம் என்பது செய்த வேலையை அளந்து எழுதி வைக்கும் புத்தகம்.) வேறு குறை எதையும் அதில் கொட்டாதீர்கள். ‘எங்களிடம் அந்த ஆவணம் இல்லை’ என்று திருப்பி அனுப்பினால், பிரிவு 6(3)ஐ நினைவுபடுத்துங்கள். தகவல் வேறு பொது அதிகார அமைப்பிடம் இருந்தால் விண்ணப்பத்தை 5 நாளுக்குள் அவர்களே அங்கு அனுப்ப வேண்டும். உங்களை அங்கே போ, இங்கே போ என்று அலைய விடக் கூடாது. 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையத்தில் தாமதம் ஆகும், ஆகட்டும். முதல் மேல்முறையீட்டுக் கடிதம் போய்ச் சேர்ந்ததுமே பல கோப்புகள் தானாகக் கிடைத்துவிடும். நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை தகவல் அலுவலரின் மீதே தண்டம் போடலாம் என்பது அவர்களுக்கும் தெரியும்.

இப்படிக் கேட்டு நகல் கையில் வந்த பிறகுதான் பெரியவர் விஷயம் விளங்கியது. சாலையின் முதல் பாதி ஒன்றியச் சாலைப் பதிவேட்டில் இருக்கிறது. இரண்டாம் பாதி எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அது 3 பேருடைய பட்டா நிலம். அவருடைய அப்பா காலத்திலிருந்தே மாட்டு வண்டி போன பாதை, ஆனால் காகிதத்தில் வயல்.

இதுதான் பெரிய பொறி. பட்டா நிலத்தில் அரசுப் பணத்தைப் போட முடியாது. 50 வருடமாக நடக்கிறோம் என்பதெல்லாம் மதிப்பீடு போடும் பொறியாளருக்கு உதவாது. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் பெரியவர் 2 வருடம் அலைந்திருக்க வேண்டாம். ஒருவரும் சொல்லவில்லை. ‘அது எங்க ரோடு இல்லைங்க’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே மனு எழுதும் முன் உங்கள் சாலையின் புல எண்களை (சர்வே எண்) எடுத்து, அரசின் நில ஆவண இணையதளத்தில் அ-பதிவேட்டையும் (எந்தப் புல எண் என்ன வகை நிலம், யார் பெயரில் என்று காட்டும் பதிவேடு) பட்டாவையும் பாருங்கள். பாதை, புறம்போக்கு என்று இருந்தால் நிம்மதி. தனியார் பெயர் வந்தால், நிலத்துக்காரர்கள் அந்தப் பாதை அளவுக்கு ஊராட்சியின் பெயரில் தானப் பத்திரம் பதிந்து கொடுக்க வேண்டும். பிறகு உட்பிரிவு செய்து பட்டாவையும் மாற்ற வேண்டும். 10 ரூபாய் முத்திரைத்தாளில் ‘சம்மதம்’ என்று எழுதி வாங்குவது, ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடிப்பது எதுவும் செல்லாது. பங்காளிகளில் ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தால் அத்தோடு நின்றுவிடும். அவரிடம் போய்ப் பேசுகிற வேலையை அலுவலகம் செய்யாது, ஊர்தான் செய்ய வேண்டும்.

புறம்போக்கு என்றாலும் எந்தப் புறம்போக்கு என்று பாருங்கள். ஏரிக்கரை, வாய்க்கால் கரை என்றால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். கோயில் நிலம், வனத்துறை நிலம், ரயில்வே நிலம் என்றால் அவரவர் அனுமதி. அனுமதி கேட்கும் கடிதத்தை யார் எழுத வேண்டும் என்பதிலேயே ஒரு வருடம் போகும். பணியைச் செய்யும் அமைப்புதான் எழுத வேண்டும். உங்களை எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள், உங்கள் கடிதத்துக்கு அங்கே மதிப்பில்லை.

மனை வாங்கி வீடு கட்டியவர்களுக்கும் இதே கதைதான். புரோக்கர் 23 அடி ரோடு என்று காட்டியிருப்பார். மனைப்பிரிவுச் சாலை தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்டிருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஒப்படைக்கவில்லையென்றால் அது இன்னும் மனை போட்டவர் பெயரில்தான் இருக்கும். வீட்டு வரி ரசீதைக் காட்டிப் பயனில்லை. வாங்கும்போதே அந்தத் தானப் பத்திர எண்ணைக் கேளுங்கள்.

சரி, நிலம் சுத்தம், சாலை ஊராட்சியுடையது. இப்போது ‘நிதி இல்லை’ வரும். சில சமயம் அது உண்மை. பல சமயம் பாதி உண்மை. உதாரணமாக 15ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும் என்று ஒதுக்கப்பட்டது. அதைச் சாலையில் போட முடியாது. ‘கணக்கில் இவ்வளவு பணம் இருக்கிறதே’ என்று கத்தினால் இந்தக் கணக்கைக் காட்டி உங்களை உட்கார வைத்துவிடுவார்கள். மீதி 40 சதவீதம் கட்டற்ற நிதி, அதாவது இன்ன வேலைக்கு மட்டும் என்று கட்டிப்போடாதது. அதில் என்ன வேலை எடுத்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.

பெரிய சாலைப் பணிகள் ஊராட்சிப் பணத்தில் நடப்பதும் இல்லை. முதல்வரின் கிராம சாலைகள் மேம்பாட்டுத் திட்டம், நபார்டு கடன், பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் என்று மேலிருந்துதான் வரும். எதில் வந்தாலும் ஊராட்சி ஒன்றியம் அனுப்பும் பட்டியலில் உங்கள் சாலை இருக்க வேண்டும். பட்டியலில் பெயரில்லாத சாலைக்கு எந்தத் திட்டமும் வராது. ‘மனு பரிசீலனையில் உள்ளது’ என்பதில் அர்த்தமே இல்லை. ‘பட்டியலில் எத்தனையாவது எண்?’ என்று கேட்டால்தான் அர்த்தம்.

அந்தப் பட்டியலுக்குப் போகும் வாசல் கிராம சபை. வருடத்தில் 6 நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் ஒன்றுக்கு மட்டும்தான் போக முடியும் என்றால் அக்டோபர் 2க்குப் போங்கள். அடுத்த ஆண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் வேலை அன்றுதான் தொடங்குகிறது.

போனால் ஒன்று கவனியுங்கள். நுழைந்ததும் கையெழுத்து வாங்குவார்கள். அது வருகைக்கா, தீர்மானத்துக்கா என்று பார்த்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கி, கூட்டம் முடிந்த பிறகு தீர்மானம் எழுதுகிற பழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. உங்கள் சாலையைப் பற்றி அரைமணி நேரம் பேசியிருப்பீர்கள், புத்தகத்தில் ஒரு வரி இருக்காது. தீர்மானம் எழுதி, எண் போட்டு, வாசிக்கும் வரை எழுந்திருக்காதீர்கள். அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச வருகை இல்லையென்றால் கூட்டமே செல்லாது. 501 முதல் 3,000 பேர் உள்ள ஊராட்சிக்கு 100 பேர் வேண்டும். ஆகவே தெருவையே கூட்டிக்கொண்டு போவது நல்லது.

‘இப்போ தலைவர் இல்லை, தேர்தல் முடியட்டும்’ என்பதும் அடிக்கடி கேட்கும் பதில். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் முடிந்தால் அரசு நியமிக்கும் தனி அலுவலர் பொறுப்பேற்பார். தலைவர் இல்லை என்பதற்காக ஊராட்சியின் கடமை நின்றுவிடாது. மனுவைத் தனி அலுவலர் பெயருக்கு எழுதுங்கள்.

உங்கள் ஊர் பேரூராட்சி என்றால் மேலே சொன்ன வழி பாதி பொருந்தாது. கிராம சபை கிடையாது, வார்டு அளவில் ஏரியா சபைதான். வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை. மனு செயல் அலுவலருக்கு, அதற்கு மேலே பேரூராட்சிகளின் உதவி இயக்குநருக்கு. ஒன்றிய அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கும் பேரூராட்சிக்காரர்களை நான் இன்றும் பார்க்கிறேன். வாங்கி வைத்துக்கொண்டவர்களாவது சொல்லியிருக்கலாம்.

முதல்வரின் உதவி மைய எண்ணான 1100க்குப் போன் செய்யலாம், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். ஆனால் அங்கே கொடுத்த மனு இறங்கி இறங்கி, நீங்கள் யார் மேல் குறை சொன்னீர்களோ அவர் மேசைக்கே வரும். ‘நிதி ஒதுக்கீடு பெறப்பட்டவுடன் பணி மேற்கொள்ளப்படும்’ என்று எழுதி, தீர்வு காணப்பட்டது என்று முடித்துவிடுவார். அப்படி முடிக்க முடியாதபடி மனுவிலேயே பதிவேட்டுப் பக்கம், புல எண், தீர்மான எண், தேதி எல்லாம் இருக்கட்டும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மாட்டோம் என்றால் வாக்குவாதம் வேண்டாம், வெளியே வந்து விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

புதிதாகப் போட்ட சாலை பெயர்ந்தால் நிதி பற்றிய பேச்சே எழக் கூடாது. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது என்றால், 5 வருடம் ஒப்பந்ததாரரே பராமரிக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே உண்டு. சாலைத் தொடக்கத்தில் உள்ள தகவல் பலகையை வேலை முடிந்த வாரமே படம் எடுத்து வையுங்கள். அந்தப் பலகைகள் நீண்ட நாள் நிற்பதில்லை. மற்றத் திட்டங்களில் பராமரிப்புக் காலம் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும், அதற்காகத்தான் அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்கச் சொன்னேன். குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி மூடாமல் போயிருந்தால், தோண்டிய பணியின் மதிப்பீட்டைக் கேளுங்கள். சாலையைப் பழையபடி ஆக்கும் செலவு அதில் சேர்ந்திருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும்.

கடைசியாக, ரோலர் வந்துவிட்ட தெருக்காரர்களுக்கு. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டால் சாலை உயரும், வீட்டு வாசல் பள்ளமாகும். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். மதிப்பீட்டில் அந்தச் செலவு இருக்கிறதா என்று வேலை தொடங்கும் முன் உதவிப் பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள். போட்டு முடித்த பிறகு கேட்டால், அடுத்த மழைக்கு வீட்டுக்குள் வரும் தண்ணீரை நீங்கள்தான் இறைக்க வேண்டியிருக்கும்.