மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும்?

பொது இடங்களில் நிற்கும் சிற்பங்களையும் சுவரோவியங்களையும் பழுது பார்ப்பது என் தொழில். ஒருமுறை ஓர் இரும்புச் சிற்பத்தைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். பெயிண்ட் புதுசாகத்தான் இருந்தது. அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் அம்மைக் கொப்புளம் போலச் சின்னச் சின்ன உப்பல்கள். அந்த இடத்தில் துளை போட்டோம். டிரில் உள்ளே இறங்கியதும் செம்மண் நிறத்தில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ஒரு பக்கெட் நிறைந்தது. மாற்றி வைத்த இன்னொரு பக்கெட்டும் நிறைந்தது. பல வருட மழை உள்ளேயே தங்கி, இரும்பை உள்ளிருந்து அரித்திருக்கிறது. அதற்கு முன் இரண்டு தடவை வெளியே பெயிண்ட் அடித்திருந்தார்கள், அத்தனையும் வீண். செய்யும்போதே அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வடிதுளை விட்டிருந்தால் போதும்.

அன்றிலிருந்து, சிற்பம் தேர்ந்தெடுக்கும் எந்தக் குழுவில் உட்கார்ந்தாலும், சிற்பத்தின் சின்ன மாதிரி மேசைக்கு வந்தவுடன் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும்? நல்ல சிற்பிகள் இதைக் கேட்டுக் கோபப்படுவதில்லை. மாதிரியைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டுவார்கள்.

ஒரு நகரத்துக்குக் கலைப்படைப்பு எப்படி வந்து சேர்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல நகரங்களில் அரசுக் கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத்தைக் கலைக்கு ஒதுக்கும் சட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் 1959-ல் ஃபிலடெல்ஃபியா முதலில் கொண்டுவந்தது. 1973-ல் சியாட்டில் பின்பற்றியது. நல்ல சட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பல இடங்களில் இந்தப் பணம் கட்டுமானக் கணக்கிலிருந்து வருகிறது. புதிதாக ஒன்றை வைக்கலாம்; வைத்ததைத் துடைக்க அதிலிருந்து எடுக்க முடியாது. சிற்பம் வாங்கும் நாளிலேயே அதன் பராமரிப்புக்கு எந்தக் கணக்கு என்று எழுதி வைக்காத நகரத்தில், சில வருடத்தில் எனக்கு வேலை வந்துவிடும். அந்த வேலை வராமலே இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தேர்வு முறைகளில் எனக்குப் பிடித்தது, பெயரை மறைத்து நடக்கும் திறந்த போட்டி. வாஷிங்டனில் வியட்நாம் போர் வீரர்கள் நினைவகத்துக்கு 1981-ல் 1,421 வடிவமைப்புகள் வந்தன. நடுவர்களுக்குத் தெரிந்தது எண்கள் மட்டுமே. ஜெயித்தவர் மாயா லின், 21 வயதுக் கல்லூரி மாணவி. பெயர் தெரிந்திருந்தால் அவருடைய தாளை எத்தனை பேர் நின்று பார்த்திருப்பார்கள்?

ஆனால் நிபுணர்கள் மட்டும் உட்கார்ந்து முடிவெடுத்தால் வேறு சிக்கல் வரும். நியூயார்க்கில் ஃபெடரல் பிளாசாவில் 1981-ல் ரிச்சர்ட் செர்ரா ஓர் எஃகுச் சுவரை நிறுத்தினார்: 120 அடி நீளம், 12 அடி உயரம். கலை நிபுணர்கள் குழு தேர்ந்தெடுத்த சிற்பிதான் அவர். அந்தச் சதுக்கத்தைக் குறுக்கே நடந்து அலுவலகம் போகிறவர்களில் பலருக்கு அது வழியை மறித்த சுவராகத்தான் தெரிந்தது. 1985-ல் பொது விசாரணை நடந்தது. பேசியவர்களில் பெரும்பாலானோர் சிற்பம் இருக்கட்டும் என்றார்கள். அப்படியும் 1989-ல் அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். அந்த விசாரணையில் பேசியதை எல்லாம் சுவர் எழும்புவதற்கு முன்பே பேசியிருக்கலாம். இப்போதும் நான் போகும் கூட்டங்களில், அந்த இடத்தைத் தினமும் பெருக்குகிறவரையும் காவலாளியையும் கூப்பிட்டீர்களா என்று கேட்பேன். எங்கே குழந்தைகள் ஏறுவார்கள், எங்கே சைக்கிளைச் சாய்ப்பார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

சரி, மறுபடி தண்ணீருக்கு வருகிறேன். சுதந்திர தேவி சிலையே இதற்குச் சாட்சி. மேலே செம்புத் தகடு, உள்ளே இரும்புச் சட்டங்கள். இரண்டு உலோகமும் நேரே தொட்டுக்கொண்டிருக்க, ஈரமும் சேர்ந்தால் இரும்புதான் முதலில் அரிபடும். 1886-ல் திறந்தபோது நடுவில் ஒரு காப்புப் பூச்சு இருந்தது. காலப்போக்கில் அது உதிர்ந்துபோனது. போதாததற்கு 1916-ல் தீப்பந்தத்தின் செம்பை வெட்டிக் கண்ணாடி பதித்தார்கள். அந்த இடுக்குகள் வழியே மழை உள்ளே இறங்கியது. 1980-களின் பெரிய சீரமைப்பில், துருப்பிடித்த இரும்புச் சட்டங்களை எடுத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டார்கள். தீப்பந்தத்தைப் புதிதாகவே செய்தார்கள். மேலே தெரியும் பச்சைக் களிம்பால் சிலைக்குக் கெடுதல் இல்லை, அது செம்பைக் காக்கிறது. அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கலாமே என்று யாராவது சொன்னால் தயவுசெய்து தடுங்கள். வெண்கலச் சிலைகளுக்கும் அப்படித்தான்: மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்தபின் மெழுகு பூசினால் போதும். அமில பவுடரும் கம்பி பிரஷ்ஷும் பக்கத்தில் வரக் கூடாது.

தினப்படி கவனிப்பு என்ன செய்யும் என்பதற்கு சிகாகோவில் இருக்கும் ‘கிளவுட் கேட்’ சிற்பத்தைப் பாருங்கள். அனீஷ் கபூர் 168 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகளைக் கொண்டு செய்தது. ஒட்டுத் தெரியாமல் இழைத்திருப்பார்கள். நாள் முழுக்க மக்கள் கை வைக்கிறார்கள். அதனால் கை எட்டும் அடிப்பகுதியைத் தினமும் துடைக்கிறார்கள்.

அப்புறம் சிற்பியோடு போடும் ஒப்பந்தம். பின்னால் சிற்பத்தை எடுப்பதென்றால் யாரிடம் சொல்லி எடுப்பது என்பது அதில் இருந்தே ஆக வேண்டும். தில்லி விஞ்ஞான் பவனில் இருந்த அமர் நாத் சேகலின் பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-ல் அவரைக் கேட்காமலே கழற்றிக் கிடங்கில் போட்டார்கள், பாகங்கள் உடைந்தன. 2005-ல் தில்லி உயர் நீதிமன்றம், பதிப்புரிமைச் சட்டம் 57-ஆம் பிரிவின்படி, மிஞ்சியதை அவரிடமே திருப்பித் தரச் சொல்லி நஷ்டஈடும் கொடுக்க உத்தரவிட்டது. விற்றுவிட்ட பிறகும் படைப்பாளிக்குத் தன் படைப்பின் மேல் உரிமை உண்டு என்பது பல அலுவலகங்களுக்கு இன்றும் தெரியாது.

உங்கள் கண்ணில் படும் சிற்பத்துக்கு நீங்களும் ஒன்று செய்யலாம். மழை விட்ட மறுநாள் போய்ப் பாருங்கள். எங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறது, எந்த வெல்டிங் ஓரத்தில் பழுப்புக் கோடு வழிகிறது, சுவரோவியத்தில் எங்கே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது என்று பார்த்து, தேதியோடு படம் எடுத்து நகர நிர்வாகத்துக்கு அனுப்புங்கள். அடுத்த மழைக்குப் பிறகு அதே கோணத்தில் இன்னொரு படம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், பழுப்புக் கோடு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரியும். எங்களைப் போன்றவர்கள் வேலையைத் தொடங்குவதற்கு அது போதும்.