நிலநடுக்கத்துக்கும் சேர்த்துத்தான் வீட்டு இன்சூரன்ஸ்

வெள்ளம் வருகிறது என்றால் வண்டியை மேட்டில் நிறுத்துவதும் பத்திரங்களைப் பரணில் ஏற்றுவதும் சென்னைக்காரர்களுக்குப் பழகிவிட்டது. நிலநடுக்கத்துக்கு அப்படி ஒன்றும் கிடையாது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா பக்கம் 8.6 அளவில் கடலடி குலுங்கியபோது இங்கேயும் ஆபீஸ்களை விட்டுத் தெருவுக்கு ஓடிவந்தார்கள், அத்தோடு சரி. இத்தனைக்கும் 2002லேயே சென்னையை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றிவிட்டார்கள்; எண் கூடினால் ஆபத்தும் கூடுதல்.

"லோன் வாங்கும்போதே இன்சூரன்ஸ் போட்டாச்சே" என்பார்கள். எடுத்துப் பாருங்கள், பல நேரம் அது கடன் வாங்கியவர் இறந்தால் பாக்கியை அடைக்கும் பாலிசியாக இருக்கும். சுவர் இடிந்தால் அதில் ஒரு ரூபாய் வராது.

வீட்டுக்கானது பாரத் கிருஹ ரக்ஷா என்ற பாலிசி. 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் இதை விற்க வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் (ஐஆர்டிஏஐ) உத்தரவு. தீ, புயல், வெள்ளத்தோடு நிலநடுக்கமும் அடிப்படைப் பாலிசியிலேயே உண்டு.

காப்பீட்டுத் தொகையில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஃபிளாட்டின் விலை 80 லட்சம் என்பதற்காக 80 லட்சத்துக்கு எடுக்க வேண்டாம், மண்ணுக்கு இன்சூரன்ஸ் கிடையாது. கார்பெட் ஏரியாவை (வெளிச்சுவர் நீங்கலாக உள்ளே புழங்கும் பரப்பு) கட்டுமானச் செலவால் பெருக்குங்கள்: 1000 சதுர அடி, அடிக்கு 2500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 25 லட்சம். அதில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே சேர்ந்துவிடும். நகைக்குத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொரு நல்ல மாற்றம். முன்பெல்லாம் 30 லட்ச ரூபாய்க் கட்டடத்துக்கு 15 லட்சத்துக்கு மட்டும் எடுத்திருந்தால், 4 லட்ச ரூபாய்ச் சேதத்துக்கு 2 லட்சம்தான் தருவார்கள். இந்தப் பாலிசியில் அப்படிக் குறைப்பது இல்லை, பரப்பளவையும் மற்ற விவரங்களையும் சரியாகச் சொல்லியிருந்தால் போதும்.

புதுக் கட்டடம் தானாக அமர்வதால் வரும் விரிசலுக்கு இதில் பணம் வராது. கட்டுமானக் குறை என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்தின் 14(3) பிரிவைக் காட்டி பில்டரிடமே போங்கள்: சாவி வாங்கிய 5 வருடத்துக்குள் எழுதிக் கொடுத்தால், 30 நாளில் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும்.

வாடகைக்கு இருப்பவர்கள் சாமான்களுக்கு மட்டும் எடுத்தால் போதும். சொந்த ஃபிளாட் என்றால் அடுத்த சங்கக் கூட்டத்தில் தூண், படிக்கட்டு, லிஃப்ட் எல்லாம் யார் பாலிசியில் இருக்கின்றன என்று கேளுங்கள்.