நடக்க நடக்க வலி குறையும் நோய்

"என் தம்பிக்கு 24 வயது. ஒரு மாடி ஏறுவதற்குள் தொடை கல்லாக இறுகி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிடுவான். ஆனால் சமதரையில் மெதுவாக நடக்க விட்டால், கால் மணி நேரத்துக்குப் பிறகு என்னை முந்திக்கொண்டு ஒரு மணி நேரம் நடக்கிறான். நடிக்கிறான் என்கிறார்கள் வீட்டில். இப்படி ஒரு நோய் உண்டா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

உண்டு. அதற்கு மெக்கார்டில் நோய் என்று பெயர். தம்பிக்கு இருப்பது அதுதானா என்பதை நரம்பியல் மருத்துவர் பரிசோதித்துத்தான் சொல்ல வேண்டும். மடலைப் படித்து நோயைக் கண்டுபிடிக்கும் வித்தை எனக்குத் தெரியாது. ஆனால் முதலில் வலி, பிறகு சுகம் என்ற அந்த வரிசை, பாடப்புத்தகத்திலிருந்து எடுத்து எழுதியதுபோல் இருந்தது. லட்சத்தில் ஒருவருக்கு வரும் அரிய நோய் என்று பொதுவாகச் சொல்வார்கள். சிறுவயதிலேயே தொடங்கினாலும், பலருக்கு முப்பது நாற்பது வயதில்தான் நோயின் பெயர் தெரியவருகிறது. அதுவரை ஊர் அவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் சோம்பேறி.

1951-இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் பிரையன் மெக்கார்டில் என்ற மருத்துவரிடம் 30 வயது ஆண் ஒருவர் வந்தார். எந்த வேலை செய்தாலும் தசை வலி, இறுக்கம். மெக்கார்டில் அவர் கையின் ரத்த ஓட்டத்தைத் தடுத்து, கைத்தசைக்கு வேலை கொடுத்து, ரத்தத்தில் லாக்டேட் அளவைப் பார்த்தார். தசை ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை எரிக்கும்போது வெளியேறும் பொருள் அது. யாருக்கும் அது விறுவிறுவென்று ஏற வேண்டும். இவருக்கு ஏறவே இல்லை. தசைக்குள் இருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பை உடைக்க முடியவில்லை என்று மெக்கார்டில் சரியாக ஊகித்தார். காணாமல் போன நொதி எது என்பது 1959-இல் தெரிந்தது: கிளைக்கோஜன் பாஸ்பாரிலேஸ். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால்தான் இந்த நோய்.

தசை இயங்க ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு வேண்டும் என்பது பள்ளிப் பாடம். கையிருப்பிலுள்ள ஏடிபி சில நொடிகளில் தீரும். அடுத்துக் கைகொடுக்கும், ஏடிபியை உடனே புதுப்பிக்கும் பாஸ்போகிரியேட்டினும் கடும் உழைப்பில் பத்து நொடி போலத்தான் தாங்கும். அதன் பிறகு நம்பியிருப்பது கிளைக்கோஜனை. ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகள் கிளைகிளையாகக் கோத்திருக்கும் சேமிப்பு அது. பாஸ்பாரிலேஸ் ஒவ்வொரு கிளையின் நுனியிலும் உட்கார்ந்து குளுக்கோஸை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போடுகிறது. கிள்ளும்போதே அதன் மேல் ஒரு பாஸ்பேட்டையும் ஒட்டிவிடுகிறது. ரத்தத்திலிருந்து வரும் குளுக்கோஸுக்கு இந்தப் பாஸ்பேட்டை ஒட்ட ஒரு ஏடிபியைச் செலவழிக்க வேண்டும். கிளைக்கோஜனிலிருந்து வருவதற்கு அந்தச் செலவு இல்லை. அதனால் ஆக்சிஜன் இல்லாமல் எரித்தாலும் ரத்தக் குளுக்கோஸ் நிகரமாக 2 ஏடிபி தரும் இடத்தில் இது 3 தருகிறது. அவசரத்துக்கு உதவும் எரிபொருள் என்றால் இதுதான்.

மெக்கார்டில் நோயாளியின் தசையில் அந்தச் சேமிப்பு நிறையவே இருக்கிறது, இயல்பைவிடக் கூடுதலாகவே. பெட்டி நிறையப் பணம், சாவி இல்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி அடுத்து வருவது. சாவி இல்லையென்றால் அவர் எப்படித்தான் நடக்கிறார்?

கல்லீரலிலும் கிளைக்கோஜன் இருக்கிறது. அதை உடைக்கும் பாஸ்பாரிலேஸ் வேறொரு மரபணுவிலிருந்து வருவது; அதற்கு ஒரு குறையும் இல்லை. கொழுப்புத் திசுவில் கொழுப்பு இருக்கிறது. ஆக, உடலில் எரிபொருளுக்குப் பஞ்சமில்லை. அது தசைக்கு வந்து சேர நேரமாகிறது, அவ்வளவுதான். கல்லீரல் குளுக்கோஸை ரத்தத்தில் இறக்க வேண்டும். தசைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் விரிய வேண்டும். தசைச் செல்லுக்குள் சுருண்டு கிடக்கும் குளுக்கோஸ் வாயில் புரதங்கள் செல்லின் மேற்பரப்புக்கு வந்து பொருந்த வேண்டும். கொழுப்புத் திசு, கொழுப்பு அமிலங்களை அவிழ்த்துவிட வேண்டும். இவ்வளவும் நடந்தேற ஏறத்தாழ எட்டு முதல் பத்து நிமிடம் பிடிக்கிறது. நம் எல்லோருக்கும் அவ்வளவு நேரம்தான் பிடிக்கிறது. அந்த இடைவெளியைக் கிளைக்கோஜன் ஓசையில்லாமல் நிரப்பிவிடுவதால் நாம் உணர்வதில்லை. இவர்களுக்கு அந்தப் பத்து நிமிடம் பட்டினி. நுரையீரல் நன்றாக இருக்கிறது, இதயம் நன்றாக இருக்கிறது, ஆக்சிஜன் தசையின் வாசல்வரை வந்து நிற்கிறது. எரிப்பதற்கு விறகு வரவில்லை. விறகு வந்து சேர்ந்ததும் வலி தணிகிறது, கால் லேசாகிறது. மருத்துவர்கள் இதற்கு இட்ட பெயர் 'இரண்டாம் மூச்சு'.

இதை நான் ஒருமுறை நேரில் பார்த்தேன். இந்த நோயுள்ள ஒரு பெண்மணியோடு நடக்கப் போயிருந்தேன். அவர் கையில் நாடித்துடிப்பு காட்டும் கடிகாரம். சாதாரண நடைதான், ஐந்தாவது நிமிடத்திலேயே துடிப்பு 130-ஐத் தாண்டிவிட்டது. பேச்சு குறைந்தது. ஏழாவது நிமிடத்தில் 138. ஒரு கணம் நின்று, கெண்டைக்கால் தசையை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு மறுபடி நடந்தார். பதினோராவது நிமிடத்தில் கையை நீட்டிக் காட்டினார்: 112. வேகத்தைக் குறைக்கவில்லை, பாதையும் அதே சமதரை. "இனி நீங்கள்தான் என்னோடு ஓடி வர வேண்டும்" என்றார். அப்படியேதான் ஆயிற்று.

உழைப்பு மாறாமலிருக்க, இதயத்துடிப்பு தானாக இறங்குவது வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத காட்சி. ஜான் விஸ்ஸிங், ரொனால்ட் ஹாலர் என்ற இரு ஆய்வாளர்கள் இதையே பரிசோதனையாக்கினார்கள். நோயாளியை மிதிவண்டிக் கருவியில் ஒரே பளுவில் 15 நிமிடம் மிதிக்கச் சொன்னால் போதும். அவர்கள் பார்த்த நோயாளிகள் எல்லோருக்கும் ஏழாவது நிமிடத்துக்கும் பதினைந்தாவது நிமிடத்துக்கும் இடையில் துடிப்பு இறங்கியது. சராசரியாக நிமிடத்துக்கு 35. இரண்டாம் மூச்சு வந்த பிறகு குளுக்கோஸை ரத்தக்குழாய் வழியாக ஏற்றினால் இன்னொரு முறையும் சுகம் கூடுகிறது. அதற்கு 'இரண்டாவது இரண்டாம் மூச்சு' என்றே கட்டுரையில் பெயரிட்டார்கள். விஞ்ஞானிகளுக்கும் விளையாட்டுப் புத்தி உண்டு.

இந்த இடத்தில் ஒரு பழைய நம்பிக்கையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறேன். தசை வலி என்றாலே லாக்டிக் அமிலம் சேர்ந்துவிட்டது என்று உடற்பயிற்சிக் கூடங்களில் ஓதுவார்கள். மெக்கார்டில் நோயாளியின் தசையில் உழைக்கும்போது அது சேர்வதே இல்லை. 1981-இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஒருவரின் கைத்தசையைப் பாஸ்பரஸ் காந்த ஒத்ததிர்வு முறையில் ஊசியே குத்தாமல் பார்த்தபோது, உழைத்த தசையில் அமிலத்தன்மை ஏறவில்லை. ஆனாலும் அவர்களுக்கு வரும் வலி நமக்கெல்லாம் வருவதைவிடக் கொடியது. பழியை இனி வேறெதன் மேலாவது போடுங்கள்.

இறுக்கமும் நமக்கு இரவில் வரும் தசைப்பிடிப்பு போன்றதல்ல. சாதாரணப் பிடிப்பில் நரம்பு விடாமல் கட்டளையிடுகிறது. தசையில் மின்முனை ஊசி வைத்தால் மின்புயல் தெரியும். இங்கே ஊசி வைத்தால் நிசப்தம். தசை சுருங்குவதற்கு மட்டுமல்ல, தளர்வதற்கும் ஆற்றல் வேண்டும். ஏடிபி வந்து ஒட்டினால்தான், தசையை இழுத்துச் சுருக்கும் புரதமான மையோசின் தன் பிடியை விடும். சுருங்கச் சொல்லி வெளியே வந்த கால்சியத்தைத் திருப்பி அதன் கிடங்குக்குள் இறைக்கும் பம்புக்கும் ஏடிபி வேண்டும். இறந்த உடல் விறைப்பதும் இந்தக் கணக்கில்தான். ஆகவே இறுகிய தசையை மேலும் வற்புறுத்தினால் இழைகள் கிழிந்து, மையோகுளோபின் என்ற தசைப் புரதம் ரத்தத்தில் கலந்து, சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போகும். சிறுநீரகம் பழுதாகலாம். அந்த நிறத்தைப் பார்த்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இவ்வளவும் புரிந்துவிட்டால், நோயைச் சமாளிக்கும் வழி தானாகவே வந்து விழும். எல்லாமே கடிகாரக் கணக்கு. முதல் பத்து நிமிடம் வேண்டுமென்றே மந்தமாக நடக்க வேண்டும். வலி தலைகாட்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும், அல்லது அரை நிமிடம், ஒரு நிமிடம் நின்று தொடர வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டுவது வீரம் அல்ல, விபத்து. பாரம் தூக்கி அப்படியே பிடித்திருப்பது, குந்தி உட்கார்ந்திருப்பது, திடீர் ஓட்டம் ஆகியவை ஆபத்தானவை. இறுகி நிற்கும் தசை தன் ரத்தக்குழாயைத் தானே நெரித்துக்கொள்ளும், வெளி எரிபொருளுக்கும் வழி அடைபடும். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைக்கும் அறுவை மயக்க மருந்துக்கும் முன்னால் நோயின் பெயரை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அதற்காக நாற்காலியே கதி என்று இருந்துவிடவும் கூடாது. உட்கார்ந்தே இருந்தால் கொழுப்பையும் ரத்தக் குளுக்கோஸையும் எரிக்கும் திறன் குறைந்து, பத்து நிமிடப் பள்ளம் இன்னும் ஆழமாகும். மிதமான மிதிவண்டிப் பயிற்சியை 14 வாரம் ஒழுங்காகச் செய்தவர்களின் உழைக்கும் திறன் நன்றாகவே கூடியது.

சர்க்கரையும் உதவும். 2003-இல் விஸ்ஸிங்கும் ஹாலரும் 12 நோயாளிகளுக்கு 75 கிராம் சர்க்கரை கரைத்த பானத்தைக் கொடுத்து, அரை மணிக்குமேல் கழித்து மிதிக்கச் சொன்னார்கள். முதல் நிமிடங்களின் அவதி பெருமளவு குறைந்துவிட்டது. பிறகு வந்த ஆய்வில் 37 கிராமைப் பயிற்சிக்கு 5 நிமிடம் முன்பு கொடுத்தாலே போதும் என்று தெரிந்தது. நாள் முழுவதும் குடித்தால் உடல்தான் பருக்கும். முன்கூட்டியே தெரிந்த உழைப்புக்கு மட்டும், அதுவும் சர்க்கரை நோய் இல்லாதவருக்கு, மருத்துவர் யோசனைப்படி. உடற்பயிற்சி செய்பவர்கள் சாப்பிடும் கிரியேட்டின் பொடியை வாங்கிச் சாப்பிடலாமா என்று கேட்பவர்களுக்கு: குறைந்த அளவு ஓரளவு உதவியது, அளவைக் கூட்டியபோது நோயாளிகளுக்கு வலி அதிகமாயிற்று.

என் ஆதங்கம் ஒன்று. சர்க்கரைக்குக் காப்புரிமை கிடையாது; எனவே எந்த மருந்து நிறுவனமும் அதைச் சோதிக்க முன்வராது. பன்னிரண்டு பேரும் ஒரு மிதிவண்டிக் கருவியும் வைத்துச் செய்த இந்த ஆய்வு போன்றவற்றுக்குப் பொதுப்பணம்தான் வர வேண்டும். அரிய நோய் என்றால் ஆய்வு நிதியும் அரியதாகிவிடுகிறது.

வாசகருக்கு ஒரு வார்த்தை. மருத்துவரிடம் போகுமுன் வலியை மட்டும் எழுதாமல், அது வந்த நிமிடத்தையும் எழுதி வையுங்கள். கொழுப்பை எரிப்பதில் குறையுள்ள வேறு சில நோய்களில் வரிசை தலைகீழாக இருக்கும்: தொடக்கத்தில் ஒன்றும் இராது, வெறும் வயிற்றில் நெடுநேரம் உழைத்த பிறகுதான் தசை மடங்கும். எந்த எரிபொருளுக்கு வழி அடைபட்டிருக்கிறது என்பதை நேரமே பாதி சொல்லிவிடும். தம்பியிடமும் ஒன்று கேட்டுப் பாருங்கள். இந்த நோயுள்ள பலர் சிறுவயதிலேயே ஒரு தந்திரம் கற்றிருப்பார்கள்: நண்பர்களோடு நடக்கும்போது வலி எடுத்தால், ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டது என்று குனிந்து கட்டுவதுபோல் ஒரு நிமிடம் இருந்துவிட்டு எழுவார்கள். அவருடைய கயிறு எவ்வளவு அடிக்கடி அவிழ்ந்தது?