செலவாகாத மின்சாரத்தை அளப்பது எப்படி?

ஒரு அனல் மின்நிலையம் நேற்று எத்தனை யூனிட் தந்தது என்று கேட்டால் மீட்டரைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஒரு மின்வாரியம் வீடுகளுக்கு எல்.இ.டி பல்பு கொடுத்து எத்தனை யூனிட் மிச்சப்படுத்தியது என்று கேட்டால் எந்த மீட்டரிலும் விடை இல்லை. மீட்டர் செலவானதை மட்டுமே காட்டும். அந்தப் பல்பு வராமல் இருந்திருந்தால் அதே வீட்டில் எவ்வளவு ஓடியிருக்கும் என்பது நடக்காமல் போன ஒரு விஷயம். அதைக் கணித்துத்தான் ஆகவேண்டும். மின்சேமிப்புத் திட்டங்களை மதிப்பிடுவது என்பதே இந்த ஒரு கணிப்பை எவ்வளவு நேர்மையாகச் செய்கிறோம் என்பதுதான். மக்களின் கட்டணப் பணமும் வரிப் பணமும் இந்தத் திட்டங்களில் போகின்றன. அடுத்த மின்நிலையம் தேவையா இல்லையா என்ற முடிவும் இந்தக் கணக்கை நம்பியே எடுக்கப்படுகிறது.

நம் வீடுகளுக்கே வந்த ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2015 ஜனவரியில் மத்திய அரசு உஜாலா திட்டத்தைத் தொடங்கியது. அரசின் இ.இ.எஸ்.எல் நிறுவனம் எல்.இ.டி பல்புகளை மொத்தமாக வாங்கி, மாநில மின்பகிர்மான நிறுவனங்கள் வழியாகக் குறைந்த விலைக்கு விற்றது. மொத்தம் சுமார் 36.8 கோடி பல்புகள் போயின. இதனால் ஆண்டுக்குச் சுமார் 4,780 கோடி யூனிட் மிச்சமாகிறது என்பது அரசின் அறிவிப்பு.

ஒரு தாளை எடுத்து வகுத்துப் பாருங்கள். பல்பு ஒன்றுக்கு ஆண்டுக்கு 130 யூனிட் வருகிறது. 60 வாட் குண்டு பல்பைக் கழற்றிவிட்டு 9 வாட் எல்.இ.டி மாட்டினால் மிச்சம் 51 வாட். 51 வாட்டில் 130 யூனிட் சேர வேண்டுமானால் அந்தப் பல்பு ஆண்டுக்கு ஏறக்குறைய 2,550 மணி நேரம், அதாவது தினமும் 7 மணி நேரம் எரிய வேண்டும். கூடத்துப் பல்பு அவ்வளவு எரியலாம். குளியலறைப் பல்பும் மாடிப்படிப் பல்பும் எரியுமா? மலிவாகக் கிடைக்கிறதே என்று கூடுதலாக வாங்கி அலமாரியில் வைத்த பல்பு எரியவே எரியாது. கழற்றியது 100 வாட் பல்பு என்றால் 4 மணி நேரம் போதும். கழற்றியது 14 வாட் சி.எஃப்.எல் (சிறு குழல் பல்பு) என்றால் மிச்சம் வெறும் 5 வாட். தினமும் 7 மணி நேரம் எரிந்தாலும் ஆண்டுக்கு 13 யூனிட்கூடத் தேறாது. பழைய பல்பு எது என்ற ஒரே ஒரு அனுமானம் விடையைப் பத்து மடங்கு மாற்றிவிடுகிறது.

இதை வைத்து உஜாலா தோற்றுவிட்டது என்று முடிவு கட்டினால் அது பெரிய அநியாயம். 2014-ல் 310 ரூபாயாக இருந்த பல்பின் கொள்முதல் விலை, மொத்தக் கொள்முதலின் பலத்தால் 2016-க்குள் 38 ரூபாய்க்கு இறங்கியது. கடைகளிலும் விலை சரிந்தது. திட்டத்தின் பக்கமே போகாமல், மளிகைக் கடையில் எல்.இ.டி வாங்கிய கோடிக்கணக்கானவர்களின் சேமிப்பு அந்த 36.8 கோடியில் இல்லை. ஆக, கணக்கில் இருக்கும் எண் ஒரு பக்கம் ஊதியிருக்கலாம், இன்னொரு பக்கம் சுருங்கியும் இருக்கலாம். மதிப்பீட்டாளர்கள் இந்த இரண்டையும் தேடுகிறார்கள்: திட்டம் வராவிட்டாலும் எப்படியும் வாங்கியிருக்கக்கூடியவர்களைக் கழிக்க வேண்டும், திட்டத்தில் சேராமலே அதன் தாக்கத்தால் மாறியவர்களைக் கூட்ட வேண்டும். இரண்டாவது முதலாவதைவிடக் கடினம். அவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

பல்பின் ஆயுளும் இப்படித்தான். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பி.ஜி அண்ட் இ என்ற மின்நிறுவனம் 2006 முதல் சி.எஃப்.எல் பல்புகளுக்குப் பெருந்தொகை தள்ளுபடி தந்தது. பல்பு 9.4 ஆண்டு உழைக்கும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. மாநில ஒழுங்குமுறை ஆணையம் அமர்த்திய ஆய்வாளர்கள் பார்த்தபோது 6.3 ஆண்டுதான் வந்தது. அடிக்கடி போட்டு அணைக்கும் குளியலறைகளில் பல்புகள் சீக்கிரமே போய்விட்டிருந்தன.

இப்படி ஒவ்வோர் அனுமானத்தையும் துரத்திக்கொண்டிருப்பதற்குப் பதிலாக, கேள்வியை நேரடியாகவே கேட்க ஒரு வழி உண்டு. மருந்து ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் செய்வது அதுதான்: குலுக்கல் முறையில் இரண்டு கூட்டமாகப் பிரி, ஒன்றுக்குக் கொடு, மற்றதை அப்படியே விடு.

2008-ல் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ நகராட்சி மின்நிறுவனம் இதைச் செய்தது. ஓபவர் என்ற புதிய நிறுவனத்தோடு சேர்ந்து சுமார் 35,000 வீடுகளுக்குத் தபாலில் ஒரு தாளை அனுப்பியது. அந்தத் தாளில் மூன்று பட்டைகள்: உங்கள் வீட்டின் மின்செலவு, அக்கம்பக்கத்தில் உங்கள் வீட்டைப் போன்ற வீடுகளின் சராசரி, அவற்றில் சிக்கனமான வீடுகளின் செலவு. சராசரிக்குக் கீழே இருந்தால் ஒரு சிரிப்பு முகம், மிகச் சிக்கனம் என்றால் இரண்டு. இந்தச் சிரிப்பு முகத்துக்கு ஒரு முன்கதை உண்டு. அதே மாநிலத்தின் சான் மார்கோஸ் நகரில் சுமார் 290 வீடுகளில் நடந்த ஒரு சோதனை 2007-ல் வெளியானது. அதில், சராசரியைவிட அதிகம் செலவழித்தவர்கள் அதைத் தெரிந்துகொண்டதும் குறைத்தார்கள்; ஏற்கெனவே குறைவாகச் செலவழித்தவர்களோ, ஊரே இவ்வளவு செலவழிக்கிறதா என்று பார்த்துக் கூட்டிவிட்டார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம் வரைந்து பாராட்டியதும் அந்த ஏற்றம் நின்றது.

தாள் பெறாத வீடுகளோடு ஒப்பிட்டபோது, தாள் பெற்ற வீடுகளில் மின்செலவு சுமார் 2 சதவீதம் குறைந்திருந்தது. சிறிய எண்தான். ஆனால் இதைக் கண்டுபிடித்ததே எனக்குப் பெரிய வியப்பு. ஒரு வீட்டின் மின்செலவை ஒரு வாரம் பெய்த மழையோ ஊரிலிருந்து வந்த விருந்தாளிகளோ இதைவிடப் பல மடங்கு ஆட்டிவிடுவார்கள். போன வருடத்தோடு இந்த வருடத்தை ஒப்பிட்டிருந்தால் அந்த 2 சதவீதம் வெயிலிலும் விலைவாசியிலும் கரைந்து போயிருக்கும். குலுக்கலில் பிரித்த ஆயிரக்கணக்கான வீடுகளில் மழையும் விருந்தாளியும் இரு பக்கமும் சமமாகவே விழுகின்றன. மிஞ்சும் வித்தியாசத்துக்கு அந்தத் தாளைத் தவிர வேறு காரணம் சொல்ல முடியாது.

ஓபவரின் கதை அங்கே முடியவில்லை. பொருளாதார அறிஞர் ஹன்ட் ஆல்காட், 2015-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படி நடந்த 111 குலுக்கல் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார். மொத்தம் 86 லட்சம் வீடுகள். முதல் 10 ஊர்களின் முடிவை வைத்துக் கணித்ததைவிட, பிறகு சேர்ந்த ஊர்களில் பலன் குறைவாக இருந்தது. சுற்றுச்சூழல் அக்கறை மிகுந்த ஊர்களும் அவற்றின் மின்நிறுவனங்களுமே முதலில் கை தூக்கியிருந்தன. சோதனை பிழையில்லாமல் நடந்தாலும், அது எந்த ஊரில் நடந்தது என்று கேட்காமல் முடிவை வேறு ஊருக்கு எடுத்துப் போகக் கூடாது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஆய்வு வேறொன்றை நான் அறியேன்.

மெக்சிகோவின் அனுபவம் இன்னும் கடுமையானது. 2009-ல் அங்கே பழைய ஃபிரிட்ஜையும் ஏ.சி-யையும் கொடுத்துவிட்டுப் புதியதை மானிய விலையில் வாங்கிக்கொள்ளும் திட்டம் வந்தது. லட்சக்கணக்கான வீடுகள் சேர்ந்தன. பழையவற்றை உடைத்தே விட்டார்கள். பொருளாதார அறிஞர் லூகாஸ் டேவிஸும் உடன் ஆய்வாளர்களும் வீடு வீடாக மின்கட்டணப் பதிவை எடுத்துப் பார்த்தார்கள். ஃபிரிட்ஜ் மாற்றிய வீடுகளில் மின்செலவு 8 சதவீதம் குறைந்திருந்தது. முன்கூட்டிச் சொன்னதில் அது கால் பங்குதான். ஏ.சி மாற்றிய வீடுகளில் மின்செலவு ஏறியிருந்தது. புதிய ஃபிரிட்ஜ்கள் பெரியவை. புதிய ஏ.சி ஓடுவதற்கான செலவு குறைந்ததால் கூடுதல் நேரம் ஓடியது. வெக்கையில் புழுங்கிய ஒரு குடும்பம் நிம்மதியாகத் தூங்கியதை நான் நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை மின்சேமிப்பு என்ற தலைப்பில் எழுதிக்கொள்ள முடியாது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஏழைக் குடும்பங்களின் வீடுகளுக்குள் குளிர் புகாமல் தடுக்கும் வேலைகளை இலவசமாகச் செய்து தரும் திட்டத்தைப் பொருளாதார அறிஞர்கள் மெரிடித் ஃபௌலி, மைக்கேல் கிரீன்ஸ்டோன், கேத்தரின் வுல்ஃப்ரம் மூவரும் 30,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களை வைத்து ஆராய்ந்தார்கள். 2018-ல் வெளியான முடிவு: பொறியியல் கணினி மாதிரி சொன்ன சேமிப்பு, உண்மையான சேமிப்பைவிட மூன்று மடங்குக்கும் அதிகம். மாதிரியை எழுதியவர்கள் ஏமாற்றவில்லை. சுவர், ஜன்னல், காற்றுக் கசிவு எல்லாவற்றையும் சூத்திரத்தில் போட்டார்கள். சூத்திரத்தில் இருந்த வீடும் மனிதர்கள் குடியிருந்த வீடும் வேறுவேறாக இருந்தன.

கூரைச் சூரிய மின்சாரம் போன்ற தூய ஆற்றல் திட்டங்களில் மீட்டர் இருப்பதால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிட்டது போலத் தோன்றும். எத்தனை யூனிட் உற்பத்தியானது என்று தெரியும். அந்த யூனிட் வந்ததால் எந்த மின்நிலையம் தன் உற்பத்தியைக் குறைத்தது என்று தெரியாது. இந்திய மின்தொகுப்பில் சராசரியாக ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அந்தச் சராசரியால் பெருக்கிவிட்டால் கணக்கு முடிந்தது என்று பல அறிக்கைகள் நின்றுவிடுகின்றன. ஆனால் அந்தச் சராசரி எல்லா நேரத்துக்கும் பொருந்தாது. கலிஃபோர்னியாவில் வசந்தகாலத்து நண்பகலில் சூரிய மின்சாரம் மிஞ்சிப்போய், சில நாள் உற்பத்தியையே நிறுத்தச் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் இன்னொரு யூனிட் வந்தால் மாற்றுவதற்கு ஏதுமில்லை. சூரியன் இறங்கிய பிறகு இரவு 8 மணிக்கு மிச்சமாகும் ஒரு யூனிட் உண்மையிலேயே எரிவாயுவையோ நிலக்கரியையோ மிச்சப்படுத்துகிறது. உஜாலா பல்பின் பலம் இங்கேதான்: விளக்குகள் எரிவதே மாலை உச்ச நேரத்தில்.

இவ்வளவையும் யார் கணக்கிடுகிறார்கள் என்பது முக்கியம். அதிகம் விற்றால் அதிக வருமானம் என்றிருக்கும் நிறுவனத்திடம் சேமிப்பைக் கேட்பதே முரண். கலிஃபோர்னியா 1982-லேயே மின்நிறுவனங்களின் வருமானத்தை விற்பனை அளவிலிருந்து பிரித்தது; குறைவாக விற்றாலும் நஷ்டம் வராது. பின்னாளில் சேமிப்புக்கு ஊக்கத்தொகையும் வந்தது. அத்தோடு எதிர்த் திசையில் ஆசை வந்துவிட்டது: சேமிப்பைப் பெரிதாகக் காட்டினால் லாபம். அதனால்தான் அந்த சி.எஃப்.எல் கணக்கைச் சரிபார்த்தவர்களை நிறுவனம் அமர்த்தாமல் ஆணையம் அமர்த்தியது.

தமிழ்நாட்டில் விவசாய இணைப்புகளில் பெரும்பகுதிக்கு மீட்டர் இல்லை. திறன்மிக்க பம்புசெட் கொடுத்தால் எவ்வளவு மிச்சம் என்று இணைப்பு வாரியாக அளக்கவே இயலாது. கிடைக்கும் மும்முனை மின்சார நேரம் முழுக்க மோட்டார் ஓடுமானால், நல்ல பம்பு அதே மின்சாரத்தில் கூடுதல் தண்ணீர் இறைக்கும். மின்சேமிப்பு பூஜ்யமாகவும், நிலத்தடி நீர் இறக்கம் அதிகமாகவும் முடியலாம். கிணற்றையும் சேர்த்து அளக்காத மதிப்பீடு இங்கே பாதி மதிப்பீடுதான்.

வீடுகளில் அந்தத் தடை இல்லை. இ.இ.எஸ்.எல் 2023 நவம்பரில் ஒரு கோடி சிக்கன மின்விசிறிகளுக்கான திட்டத்தை அறிவித்தது. பழைய விசிறி 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி எனும் சிக்கன மோட்டார் கொண்ட புதிய விசிறி 30 வாட் அளவில் ஓடும். நம் ஊர்களில் விசிறி நாள் முழுக்கச் சுற்றுவதால் காகிதத்தில் வரும் சேமிப்பு மிகப் பெரியது. எல்லாருக்கும் ஒரே நாளில் கொடுக்க முடியாது, எப்படியும் கட்டம் கட்டமாகத்தான் போகும். எந்தப் பிரிவு அலுவலகத்துக்கு முதலில், எதற்கு ஓராண்டு கழித்து என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தால் போதும். காத்திருக்கும் பகுதிகள் ஒப்பீட்டுக் கூட்டமாகிவிடும், யாருக்கும் எதுவும் மறுக்கப்படாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ரீடிங் ஒவ்வொரு வீட்டுக்கும் வாரியத்தின் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. முதல் விசிறி கைமாறுவதற்கு முன்பே இந்தக் குலுக்கல் நடந்தாக வேண்டும். கொடுத்து முடித்த பிறகு ஒப்பிட வீடு மிஞ்சாது.