கடிபடாத இலைக்கு எப்படித் தெரிந்தது?

தக்காளிச் செடியின் அடி இலை ஒன்றை வண்டு கடிக்கிறது. கொஞ்ச நேரத்தில், அதன் வாய் படாத மேல் இலைகளிலும் ஒரு புரதம் சேரத் தொடங்குகிறது. 1972-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளாரன்ஸ் ரையனும் அவரோடு வேலை செய்தவரும், கொலராடோ வண்டுகளை வைத்து இதைக் கண்டுபிடித்தார்கள்.

அந்தப் புரதம் நஞ்சு இல்லை. பூச்சியின் குடலில் புரதத்தைச் செரிக்கும் நொதிகளைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யவிடாமல் தடுக்கும், அவ்வளவுதான். வயிறு நிறையும், தின்றது உடம்பில் ஒட்டாது. கொல்வதைவிட இது நுட்பமான தற்காப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது.

சரி, நரம்பே இல்லாத செடியில் சேதி எப்படிப் போனது? இலை கிழிந்ததும், செல்லின் சவ்வுகளில் இருக்கும் லினோலெனிக் அமிலம் என்ற கொழுப்பு பிரிந்து, படிப்படியாக ஜாஸ்மோனிக் அமிலமாகிறது. தற்காப்பு மரபணுக்களைச் சில புரதங்கள் எப்போதும் அடக்கி வைத்திருக்கும். ஜாஸ்மோனிக் அமிலம் பெருகினால் அந்தப் புரதங்கள் சிதைக்கப்படும், மரபணுக்கள் விழித்துக்கொள்ளும்.

1991-இல் ரையன் குழு, 18 அமினோ அமிலங்கள் கொண்ட சிஸ்டமின் என்ற சிறு புரதத்தைப் பிரித்தெடுத்தது. செடி முழுக்கச் சேதி கொண்டு போவது அதுதான் என்று நம்பினார்கள். 2002-இல் வெளியான ஒட்டுச்செடிச் சோதனை அதைத் திருத்தியது. ஜாஸ்மோனிக் அமிலம் தயாரிக்க முடியாத செடியை அடியில் வைத்து, அதன்மேல் சாதாரணச் செடியை ஒட்டுக்கட்டினார்கள். அடி இலையைக் காயப்படுத்தினால் மேலே ஒரு மாற்றமும் இல்லை. இரண்டையும் இடம் மாற்றி ஒட்டியபோது மேல் இலைகள் விழித்துக்கொண்டன. ஆக, சேதி புறப்பட, காயம்பட்ட இலையில் ஜாஸ்மோனிக் அமிலம் உண்டாக வேண்டும். சிஸ்டமின் அந்த இடத்தில் அதன் உற்பத்தியை முடுக்கிவிடுகிறது.

ஜாஸ்மோனிக் என்ற பெயர் மல்லிகையின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. இதன் நெருங்கிய உறவான மெத்தில் ஜாஸ்மோனேட்டை 1962-இல் பிச்சிப்பூ எண்ணெயிலிருந்துதான் பிரித்தார்கள். நாம் தலையில் சூடும் மணத்தில் இருப்பது தக்காளிக்கு அபாய அறிவிப்பு!

பூச்சிகளும் சும்மா இருப்பதில்லை. சில, தடைக்கு அடங்காத வேறு நொதிகளைச் சுரந்து சமாளிக்கின்றன. ஆனால் 2017-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மெத்தில் ஜாஸ்மோனேட் தெளித்த தக்காளிச் செடிகளில் படைப்புழுக்களை விட்டபோது, அவை இலையை விட்டுவிட்டு முன்கூட்டியே ஒன்றையொன்று தின்னத் தொடங்கின. செடியில் இலை கூடுதலாக மிஞ்சியது.