அருவங்காட்டு மருந்தும் பழைய அரைத் தானியங்கித் துப்பாக்கியும்

குன்னூரிலிருந்து உதகைக்கு மலை ரயிலில் செல்பவர்கள் வெலிங்டனைக் கடந்ததும் அருவங்காடு என்ற சிறிய நிலையத்தைக் காண்பார்கள். அங்கே 1904-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட வெடிமருந்துத் தொழிற்சாலையை ஊரார் இன்றும் ‘கார்டைட்’ என்றே குறிப்பிடுகிறார்கள். அது 1889-இல் இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் ஏபலும் ஜேம்ஸ் டூவரும் காப்புரிமை பெற்ற துப்பாக்கி மருந்தின் பெயர். காப்பியைச் சூடு ஆறாமல் வைத்திருக்கும் ஃபிளாஸ்க்கைக் கண்டுபிடித்தவரும் இதே டூவர்தான். கரைப்பானில் பிசைந்த மருந்தை, இடியாப்ப அச்சில் மாவைப் பிழிவதுபோல நீண்ட இழைகளாகப் பிழிந்து உலர்த்தினார்கள்; கயிறு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வந்தது.

அந்த அச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்ளும் அமெரிக்க, ஐரோப்பிய வேட்டைக்காரர்கள், ஐம்பது அறுபது ஆண்டு பழமையான அரைத் தானியங்கித் துப்பாக்கி (ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது) ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எந்த மருந்தைப் போடுவது என்று இவ்வளவு யோசிப்பதற்கான காரணம் அதில்தான் தொடங்குகிறது. (நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம், 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு நீலகிரியில் வரையாட்டைத் தேடித் துப்பாக்கியோடு புல்வெளி ஏறிய காலமும் முடிந்துவிட்டது. ஆகவே இங்கே பேசப்போவது செய்முறை அன்று, அதன் பின்னுள்ள இயற்பியல் மட்டுமே.)

தமிழில் வெடிமருந்து என்று சொன்னாலும், துப்பாக்கிக் குழலுக்குள் அது வெடிப்பதில்லை, எரிகிறது. 1884-இல் பிரான்சில் பால் வியேல் உருவாக்கிய புகையற்ற மருந்தும் அதன் வழிவந்த அனைத்தும் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி, அடுக்கடுக்காக எரிபவை. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அவற்றின் மூலக்கூறுகளுக்குள்ளேயே இருப்பதால், 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையின் மெல்லிய காற்றிலும் மேட்டுப்பாளையத்தின் அடர்ந்த காற்றிலும் குழலுக்குள் நடப்பது ஒன்றே. வெளியே வந்த பிறகுதான் மலைக்காற்று குண்டைக் குறைவாகத் தடுக்கிறது. ஆனால் வெப்பநிலை அப்படியல்ல. சூடேறிய மருந்து வேகமாக எரியும், ஆகவே வெயிலில் கிடந்த தோட்டா குளிரில் இருந்ததைவிடக் கூடுதல் அழுத்தத்தைத் தரும்.

மலைவீட்டு அடுப்பில் தைல மரத்தின் சருகைப் போட்டால் குப்பென்று பற்றி அடங்கிவிடும். அதே மரத்தின் கட்டையைப் போட்டால் நின்று எரியும். இரண்டும் ஒரே மரம்தான், ஆனால் எடைக்கு எவ்வளவு பரப்பு நெருப்பின் பிடியில் இருக்கிறது என்பது வேறு. திண்மையான இழையில் எரிய எரியப் பரப்பு சுருங்கும். நடுவே ஒரு துளை விட்டுப் பிழிந்தால், வெளிப்பரப்பு சுருங்கும்போது உட்பரப்பு விரிவதால் வாயு ஏறத்தாழச் சீராக வெளிவரும். பெரிய பீரங்கிகளுக்கு வேண்டியதுபோல ஏழு துளைகள் விட்டால், எரிய எரியப் பரப்பு வளரவே செய்யும். போதாததற்கு, சிறு மணிகளின் மேல் எரிதலைத் தாமதப்படுத்தும் பூச்சும் பூசுவார்கள். இப்படித்தான் ஒரே வேதிப்பொருளிலிருந்து வேகமான மருந்தும் மெதுவான மருந்தும் பிறக்கின்றன.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. வியேல் கண்ட விதியின்படி, சுற்றியுள்ள அழுத்தம் உயர உயர மருந்து எரியும் வேகமும் உயரும். வேகம் உயர்ந்தால் அழுத்தம் மேலும் ஏறும். இந்தச் சுழலை அடக்குவது குண்டின் ஓட்டம்தான்: அது குழலில் முன்னேற முன்னேற வாயுவுக்கு இடம் பெருகுகிறது. அமெரிக்கப் படை பயன்படுத்திய .30-06 என்ற தோட்டாவில் உச்ச அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் சுமார் 4,000 மடங்கு வரை போகலாம். குண்டு குழலைவிட்டு வெளியேற ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டிய நேரமே ஆகும். குண்டு சற்றுத் தளர்ந்து, மருந்தை அடைத்துள்ள பித்தளை உறைக்குள் இறங்கியிருந்தாலும் தொடக்கத்தில் இடம் குறைந்து அழுத்தம் எகிறும். அரைத் தானியங்கியில் ஒவ்வொரு தோட்டாவும் குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் வேகமாகத் தள்ளப்படுவதால், குண்டை உறை இறுகப் பிடித்திருக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

குழலின் பின்புறத்தை அடைக்கும் தாழான போல்ட்டைக் கையால் இழுக்கும் துப்பாக்கிக்கு உச்ச அழுத்தம் பாதுகாப்பான எல்லைக்குள் இருந்தால் போதும். சுட்டவர் கையை நீட்டுவதற்குள் குழல் காலியாகிவிடும். அரைத் தானியங்கித் துப்பாக்கியோ தன்னைத் தானே திறந்துகொள்வதற்கான ஆற்றலையும் அதே மருந்திடமிருந்துதான் பெறுகிறது. பெறும் வழி துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1906-இல் ரெமிங்டன் விற்பனைக்குக் கொண்டுவந்த துப்பாக்கியில் குழலும் போல்ட்டும் பூட்டியபடியே முழுத் தொலைவும் பின்னால் ஓடுகின்றன; பிறகு குழல் மட்டும் முன்னே திரும்ப, காலி உறை தெறித்து விழுகிறது. வின்செஸ்டரின் 1907 மாதிரியில் பூட்டே கிடையாது, கனத்த போல்ட்டின் சோம்பல்தான் பூட்டு. பின்னால் வந்த பலவற்றில் குழலில் ஒரு சிறு துளை வழியாகக் கொஞ்சம் வாயுவைத் திருப்பி, பிஸ்டனைத் தள்ளவைத்தார்கள்.

இந்த மூன்றாம் வகைக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, 1936-இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட காரண்ட் துப்பாக்கி. போருக்குப் பின் அது பொதுமக்களிடம் விற்கப்பட்டு, வேட்டைக்கும் இலக்குப் பயிற்சிக்கும் போனது. அதன் வாயுத் துளை குழலின் வாய்க்கு அருகில் உள்ளது. குண்டு அந்தத் துளையைக் கடந்து வெளியேறும்வரை எவ்வளவு அழுத்தம் மிச்சமிருக்கிறதோ அதுதான் பிஸ்டனைத் தள்ளும். உச்ச அழுத்தம் என்ன என்பது அதற்குத் தெரியாது. மெதுவான மருந்தைப் போட்டவர், உச்சம் குறைவாகத்தானே இருக்கிறது, துப்பாக்கிக்கு நல்லதுதானே என்று நினைக்கக்கூடும். உண்மையில் அந்த மருந்து வாய் வரையிலும் வாயுவைப் பொழிந்துகொண்டே வருவதால், துளையருகே அழுத்தம் வழக்கத்தைவிட மிகுந்து, பிஸ்டனோடு இணைந்த நீண்ட, வளைந்த இயக்கத் தண்டு முரட்டு வேகத்தில் பின்னால் எறியப்படும். அந்தத் தண்டு கோணிப்போவதை அறிந்தவர்கள் அதிகம். காரணம் கூடுதல் பலமுள்ள மருந்து அன்று, தாமதமாக எரிந்த மருந்து. இரண்டாம் உலகப்போர்க்காலத்து .30-06 தோட்டாக்களுக்கென உருவான 4895 என்ற நடுத்தர வேக மருந்தை இன்றும் இந்தத் துப்பாக்கிக்காரர்கள் நாடுவதன் பொருள் இதுதான்.

எதிர்ப்புறமும் ஆபத்து உண்டு. மிக வேகமான மருந்து குழலின் தொடக்கத்திலேயே கொட்டித் தீர்ந்துவிட்டால் துளையருகே போதிய அழுத்தம் இல்லாமல் போல்ட் பாதி வழியில் நின்றுவிடும். போல்ட் திறக்கும் நேரம் முந்திவிட்டாலோ, அழுத்தத்தால் ஊதி அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பித்தளை உறை இன்னும் சுருங்கி விடுபட்டிருக்காது. இழுக்கும் கொக்கி விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வரும்.

அந்தப் பித்தளை, 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்தது. சுடும்போது விரிந்து வாயு பின்னால் கசியாமல் அடைத்து, மறுகணம் வில்போல் சற்றே சுருங்க வேண்டிய வேலை அதற்கு. கையால் இயக்கும் துப்பாக்கியில், ஒருமுறை சுட்ட உறையின் கழுத்தை மட்டும் சரிசெய்து மீண்டும் போடலாம். சற்றுப் பிடித்தாலும் கைப்பிடியின் நெம்புகோல் வலிமை அதை உள்ளே அமர்த்திவிடும். அரைத் தானியங்கியில் தள்ளுவது வெறும் சுருள்வில் என்பதால், உறை முழுவதையும் அச்சில் இட்டுப் பழைய அளவுக்கு ஒடுக்க வேண்டும். அதை மிகையாகச் செய்தால் ஒவ்வொரு முறையும் உறை நீண்டு, அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவர் மெலிந்து, ஒருநாள் இரண்டாகப் பிளக்கும். வளைத்த கம்பியொன்றை உள்ளே விட்டுச் சுவரைத் தடவி, பள்ளம் தட்டுப்படுகிறதா என்று பார்ப்பது அனுபவசாலிகளின் பழக்கம்.

பித்தளையின் இன்னொரு பலவீனம் வெளிப்பட்டது நம் நாட்டில்தான். ஆங்கிலேயர் காலத்தில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டா உறைகள், சுடாமலேயே கீறல்விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும் ஈரப்பதமும், உறையை வடிக்கும்போது உலோகத்துக்குள் தங்கிப்போன இழுவிசையும் கூடியதன் விளைவு அது என்று 1921-இல் விளக்கப்பட்டது. மிதமாகச் சூடாக்கி அந்த உள்விசையைத் தணித்தால் கீறல் நின்றுவிடும். அம்மோனியா கலந்த பளபளப்புத் திரவங்களால் உறைகளைத் துடைக்கக் கூடாது என்று இன்றும் எச்சரிப்பதற்கு வேர் அந்த லாயங்களில் இருக்கிறது.

ஊசி தட்டியதும் தீப்பொறி தந்து மருந்தைப் பற்றவைக்க உறையின் அடியில் பொருத்தும் கேப் அளவில் சிறியது, ஆனால் அரைத் தானியங்கியில் அது மிகுந்த கவனம் கோருகிறது. காரண்டைப் போன்ற துப்பாக்கிகளில் சுடும் ஊசி சுருள்வில்லால் பிடித்துவைக்கப்படாமல் தளர்வாக நிற்பதால், போல்ட் மூடும் ஒவ்வொரு முறையும் அதன் நுனி கேப்பை இலேசாகத் தொடும். சுடாமல் வெளியே எடுத்த தோட்டாவில் அந்தச் சிறு குழியைக் கண்ணால் பார்க்கலாம். கேப் உறையின் அடிமட்டத்தைவிட மயிரிழை வெளியே நீட்டியிருந்தால், போல்ட் முழுதாகப் பூட்டுவதற்கு முன்பே தோட்டா சுடப்படலாம். பழைய கேப்புகளில் இருந்த பொட்டாசியம் குளோரேட்டு, எரிந்தபின் சமையல் உப்பின் உறவுக்கார உப்பு ஒன்றைக் குழலில் விட்டுச்செல்லும். எண்ணெயில் கரையாத அந்த உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். அதனால்தான் அக்காலப் படைவீரர்கள் சுட்ட அன்றே கொதிநீரைக் குழல் வழியே ஊற்றிக் கழுவி, அந்தச் சூட்டிலேயே உலரவிட்டு, பிறகு எண்ணெயிட்டார்கள். குன்னூரைப்போல் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து தங்கும் ஊர்களில், ஒரே இரவில் குழலின் உட்புறம் செம்மை படர்ந்துவிடும்.